ரப்பர் மரம் பிடுங்கிய பல்

என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது டாக்டர் இல்லை, ஒரு ரப்பர் மரம். சிம்மோர் பக்கத்துத் தோட்டத்தில், சுண்ணாம்பு மலை அடிவாரத்து மர நிரையில், வாய்க்காலை ஒட்டி நின்ற மரம். ஊசி போடவில்லை. வாயைத் திற என்று அதட்டவில்லை. பிடுங்கி முடித்த பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி அது பாட்டுக்குப் பால் வடித்துக்கொண்டு நின்றது.

போன மாதம் ஈப்போவில் பல் செட்டுக்கு அளவு கொடுக்கப் போனேன். சீனப் பெண் டாக்டர். வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "இந்த இடத்துப் பல்லை யார் எடுத்தது? வேரோடு எடுத்திருக்கிறார்களே" என்று மலாயில் கேட்டார். "மரம்" என்றேன். டாக்டர் கண்ணாடியை மெதுவாக வெளியே எடுத்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஈப்போவில் படித்தவர்கள் அதிகம். எங்கள் தோட்டமோ இதைப் பல் போன அன்று மத்தியானச் சோற்றுக்கு முன்னாலேயே நம்பிவிட்டது. நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவர் நம்பினால்தான் எனக்குக் கல்யாணம் என்று ஆகிப்போனதுதான் விஷயம்.

அவர் மரியஜோசப், தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸர். டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் தேள்கடிக்கும் பிரசவத்துக்கும் மரியஜோசப்தான். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச். அந்த டார்ச்சை அடித்துத் தன் கண்ணால் பார்க்காத எதையும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

அவருடைய மகள் எல்ஸி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். நான் பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவன். என் கால்சட்டைகளை நானே கிழித்து, தைக்கக் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கி, மறுபடி கிழித்து, ஒரு வருஷத்தில் அவள் சம்மதத்தை வாங்கினேன். கடைசியில் என்னிடம் இருந்த கால்சட்டையில் துணி குறைவு, எல்ஸியின் தையல்தான் அதிகம்.

பெண் கேட்கப் போன அன்று மரியஜோசப் என் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. குடும்பத்தைப் பற்றியும் கேட்கவில்லை. என் வாயைப் பார்த்தார்.

"பல்லெல்லாம் எப்படி, ஆம்புரோஸ்?"

"முப்பத்திரண்டும் இரும்பு, மாமா."

"இந்தத் தோட்டத்து ஆம்பளைங்க மலைப்பாம்பைத் தோள்ல போட்டுக்கிட்டு வாரானுங்க. பல்லைப் பிடுங்கணும்னு சொன்னா என் மேஜைக்கு அடியில போய் ஒளியிறானுங்க. அந்த மாதிரி ஆளு எனக்கு மருமகனா வேணாம்."

"நானா? என்னா மாமா நீங்க!"

அப்போதே என் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு குழி இருந்தது. சின்னக் குழிதான். திங்கட்கிழமை தின்ற கச்சான் கொட்டை அதில் புதன்கிழமை முழுசாகக் கிடைக்கும். கிடைத்ததை நான் வீணாக்கியதில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் என்றால் முதலில் மாப்பிள்ளையும் பெண்ணும் பங்குச் சாமியார் முன்னால் நின்று மந்திரம் ஒப்புவிக்க வேண்டும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் தொடங்கி விசுவாசப் பிரமாணம் வரைக்கும் எல்லாவற்றையும் வாய்விட்டு, தெளிவாக, தடுமாறாமல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த நாள் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். அந்த எழுபத்தேழாம் வருஷம் தபசு காலம் அவசரமாக வந்துகொண்டிருந்தது. தபசில் கல்யாணம் கிடையாது. வருகிற சனிக்கிழமை நான் மந்திரம் சொல்லி ஞாயிறு ஓலை தொடங்கினால் தபசுக்கு முன்னால் தாலி. இல்லையென்றால் ஈஸ்டர் கழியும்வரை காத்திருக்க வேண்டும். மரியஜோசப் காத்திருக்கிற ஆள் இல்லை. தெலுக் இந்தானில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லியோனார்ட் என்று ஒரு கிராணி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, போட்டோ அனுப்பிவிட்டு பதிலுக்காகத் தயாராக இருந்தான்.

அந்தத் திங்கட்கிழமைதான் என் பல் வீங்கத் தீர்மானித்தது.

வீக்கம் என்றால் சாதாரண வீக்கம் இல்லை. பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிட்ட எங்கள் கிராணி, சீனி என்று பேர், எனக்கு ஒன்று, என் கன்னத்துக்கு ஒன்று என்று இரண்டு ஆள் வரவு போட்டுவிட்டார். பிறகு உற்றுப் பார்த்து ஒன்றை அடித்தார். வளைவில் தோட்டத்து லாரி எதிரே வந்தது. முதலில் வந்த கன்னத்துக்கு ஒரு ஹார்ன் அடித்தது, பின்னால் வந்த எனக்கு இன்னொன்று அடித்தது. வாய் மட்டும் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. தேத்தண்ணியில் ரொட்டியைக் கரைத்து உறிஞ்சிக் குடித்தேன். அதில் விசுவாசப் பிரமாணம் எப்படி வெளியே வரும்?

பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா என்னைப் பார்த்ததும் கையைத் தட்டினார். சந்தோஷத்தில்தான். அவரிடம் இல்லாத மருந்து இல்லை, மருந்துக்கு ஆள்தான் இல்லாமல் இருந்தது.

"பூச்சி, தம்பி. உள்ளுக்குள்ள ஒரு பூச்சி குடும்பம் நடத்துது. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவாத. நான் காலி பண்ண வைக்கிறேன்."

முதலில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். பிறகு கிராம்பை நசுக்கிக் குழியில் வைத்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: உப்புத் தண்ணீர் சுகமாக இருந்தது. கிராம்பு முதலில் எரிந்தது, அப்புறம் மரத்துப்போய் அதுவும் சுகமாக இருந்தது. ஆனால் சுகம் மேலே இருந்தது, சீழ் கீழே இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. மறுநாள் பூண்டும் இந்துப்பும் அரைத்து வைத்தார். கொய்யாக் கொழுந்தை மெல்லச் சொன்னார். மெல்ல முடியாததால் அவரே மென்று கொடுக்கவா என்று கேட்டார். நான் கும்பிட்டு மறுத்தேன். பெருங்காயத்தைப் பொரித்துப் பஞ்சில் வைத்தார். கன்னத்துக்கு வெளியே மஞ்சள் பற்று. புதன்கிழமை நான் நடந்து போனால் யாரோ ரசம் கொண்டுபோகிறார்கள் என்று நாய்கள் பின்னால் வந்தன.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் கண்டங்கத்திரி விதைப் புகை. நெருப்பில் விதையைத் தூவி, மேலே கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, அதன் கண் வழியாக ஒரு பப்பாளிக் குழலைச் செருகி, குழலின் மறுமுனையை என் வாயில் வைத்தார்.

"இழு தம்பி. புகை பட்டா பூச்சி பொலபொலன்னு கொட்டும்."

இழுத்தேன். இருமினேன். அந்த இருமலில் சுண்ணாம்பு மலைக் குகையிலிருந்து வௌவால் கூட்டம் நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. பூச்சி கொட்டவில்லை. செல்லாயி அக்கா என் வாய்க்குக் கீழே பிடித்திருந்த தண்ணீர்த் தட்டை நெடுநேரம் பார்த்தார்.

"அழுத்தக்காரப் பூச்சி" என்றார்.

அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மரியஜோசப்.

புகைக்கு நடுவில் என் கன்னம் அவருக்குத் தெரிந்தது. டார்ச்சை எடுத்தார். பல் என்று சொன்னால் முப்பத்திரண்டு இரும்பும் போச்சு, எல்ஸியும் போச்சு. என் மூளை ஒரு நொடி வேலை செய்தது. அந்த ஒரு நொடி அது சும்மா இருந்திருக்கலாம்.

"பொன்னுக்கு வீங்கி, மாமா" என்றேன், பல்லிடுக்கு வழியாக.

செல்லாயி அக்கா விசுவாசமான மனுஷி. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். பொன்னுக்கு வீங்கி வந்தால் பொன் போட வேண்டும், அப்போதுதான் வீக்கம் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆக, முகத்தில் மஞ்சள் பற்றும் கழுத்தில் தங்கச் சங்கிலியும் வாயில் பப்பாளிக் குழலுமாக நான் என் மாமனார் முன்னால் நின்றேன்.

அவர் கன்னத்துக்கு டார்ச் அடித்தார். சங்கிலிக்கு அடித்தார். குழலுக்கும் அடித்தார்.

"ஒரு பக்கம்தானே வீங்கியிருக்கு?"

"மத்த பக்கம் நாளைக்கு வரும், மாமா."

"வாயைத் திற."

"திறக்க முடியலை, மாமா. ரொம்ப சுசா, கஷ்டம்."

"பல்லு இல்லையே?"

"பல்லா!"

டார்ச்சை அணைத்தார். குரலை இறக்கிக்கொண்டு பேசினார்.

"பல்லுன்னா இப்பவே சொல்லிடு. உப்பும் கிராம்பும் வலியை அடக்கும், நான் இல்லைங்கலை. ஆனா உள்ள சீழ் பிடிச்சா அது வெளியே வந்தே ஆகணும். மாத்திரை தாரேன், ஈப்போவுக்குத் துண்டுச் சீட்டு எழுதித் தாரேன், பிடுங்கிடலாம். விட்டா வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கும். அப்படிப் போன ஆளை நான் பார்த்திருக்கேன்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். ஆனால் பிடுங்கிடலாம் என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கால் இரண்டும் செல்லாயி அக்கா வீட்டு மேஜையைத் தேடின.

"பல்லு இல்லை, மாமா."

"சரி. அப்ப பொன்னுக்கு வீங்கிதான்" என்றார் மரியஜோசப். முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. "வளர்ந்த ஆம்பளைக்கு அது வந்தா மேல மட்டும் நிக்காது. கீழேயும் இறங்கும். சில பேருக்கு அதுக்கப்புறம் பிள்ளை பாக்கியமே இல்லாமப் போயிடும். நான் பொண்ணைப் பெத்தவன், அதையும் பார்க்கணும்லா."

செல்லாயி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். சங்கிலியைத் திரும்பக் கேட்கலாமா என்று யோசித்தது போலத் தெரிந்தது.

"சனிக்கிழமை நானே வந்து உன்னை சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார் மரியஜோசப், வண்டியில் ஏறியபடி. "வாயைத் திறந்து மந்திரம் சொன்னா வீக்கம் வத்திடுச்சுன்னு எடுத்துக்கிறேன். திறக்கலைன்னா தெலுக் இந்தானுக்கு சேதி அனுப்புறேன்."

மறுநாள் எல்ஸி தைத்த கால்சட்டையைக் கொடுக்கிற சாக்கில் வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினாள்.

"பூண்டு, பெருங்காயம், கிராம்பு. பொன்னுக்கு வீங்கிக்கு இவ்வளவு சமையல் எதுக்கு?"

நான் கால்சட்டையை வாங்கிக் கன்னத்தை மறைத்துக்கொண்டேன்.

"பல்லுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டா என்னா? பிடுங்கினா ஒரு நிமிஷம். பயமா?"

"பயம் இல்லை. பல்லு பாவம்."

"லியோனார்டுக்குப் பல்லு நல்லா இருக்கு."

"நீ எப்பப் பார்த்த?"

"போட்டோவுல சிரிச்சிருக்காரு."

வலி பல்லை விட்டு நெஞ்சுக்குப் போயிற்று.

"இங்க பாருங்க" என்றாள் எல்ஸி, குரல் மாறி. "அந்தப் போட்டோவை நான் மெஷினுக்கு அடியில போட்டு வெச்சிருக்கேன், ஆட்டம் நிக்கிறதுக்கு. அதை எடுத்து மாட்ட வைக்காதீங்க. சனிக்கிழமை நீங்க வாயைத் திறக்கிறீங்க. எப்படித் திறக்கிறீங்களோ, அது உங்க பாடு."

வெள்ளிக்கிழமைக்குள் செல்லாயி அக்காவின் டப்பாக்கள் காலியாகிவிட்டன. மிச்சம் ஒரே ஒரு மருந்து, ஆலம்பால். ஆலமரத்துப் பாலைப் பஞ்சில் தொட்டுக் குழியில் வைத்தால் சொத்தைப் பல் தானாக ஆடி விழும் என்றார். ஆனால் எங்கள் தோட்டத்தில் இருந்த ஒரே ஆலமரம் முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அதில் ஓர் இலையைக் கிள்ளினாலும் முனியாண்டி கையைக் கிள்ளிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் வேதக்காரன்தான். அதற்காக அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டுமா?

சனிக்கிழமை காலை வேலைக்காட்டில் என் நிலைமையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நிரைக்காரன் பத்துமலை இந்த விஷயத்தைக் கையில் எடுத்தான். பத்துமலை எதற்கும் ஒரு வழி வைத்திருப்பான். அந்த வழியில் போனவர்கள்தான் திரும்பி வருவதில்லை.

"பால்தானே வேணும், மச்சான்? நம்ம என்னா தண்ணியிலயா வேலை செய்யிறோம்? தோட்டம் பூரா பால்லா!"

"அது ரப்பர் பாலு."

"மரத்துல வருது, வெள்ளையா இருக்கு. பல்லுக்கு என்னா தெரியும்?"

பல்லுக்குத் தெரியாது என்பது எனக்கும் நியாயமாகப்பட்டது. இன்னொரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது செல்லாயி அக்கா கடைசி முயற்சியாக ஒரு போத்தலில் எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் கலந்து கொடுத்திருந்தார். அதை வாயிலேயே வைத்துக்கொள், புளிப்பில் பூச்சி மயங்கிக் கிடக்கும் என்றார். நானும் காலையிலிருந்து வாய் நிறைய அந்தப் புளிப்போடுதான் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ரப்பர் பாலில் புளிப்புப் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் தோட்டத்துக் கோழிக்குக்கூடத் தெரியும். ஸ்டோரில் தினமும் நடக்கிற வேலையே அதுதான். பாலைத் தொட்டியில் ஊற்றி அதில் ஆசிட்டை ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் பால் தோசைமாவு மாதிரியாகி, அப்புறம் பாளம் பாளமாகக் கட்டி, யானை இழுத்தாலும் அறாத ரப்பராகிவிடும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவரும். ஆனால் அன்று பத்துமலை பாலைப் பற்றி மட்டும் நினைத்தான், நான் எல்ஸியைப் பற்றி மட்டும் நினைத்தேன். என் வாயைப் பற்றி நினைக்க ஆள் இல்லை.

வாய்க்காலோரத்து மரத்தில் பத்துமலை உளியால் புதிதாகச் சீவினான். நல்ல பால் மரம் அது, சீவியதும் கொட்டும். வாய் திறக்காததால் பாலை உள்ளே ஊற்ற முடியவில்லை. அவன் தன் தலைத்துண்டிலிருந்து நூலை உருவித் திரியாக முறுக்கினான். ஒரு முனையை, பால் வடிகிற தகரத்துக்குப் பின்னால் மரத்தைச் சுற்றியிருந்த கம்பியில் கட்டி, தகரத்தில் வழிகிற பால் திரியில் இறங்கும்படி விட்டான். மறுமுனையைத் தீக்குச்சியால் என் பல்லின் குழிக்குள் குத்திக் குத்தி அடைத்தான். நான் வேரில் தலையை வைத்து அண்ணாந்து படுத்துக்கொண்டேன். திரி வழியாகப் பால் பொட்டுப் பொட்டாக இறங்கி வந்தது.

முதலில் குளுமையாக இருந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். பிறகு வாய்க்குள் ஏதோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சற்று நேரத்தில் அது காலை நீட்டிப் படுத்தது.

பத்துமலை தன் நிரையில் மிச்ச மரங்களை வெட்டிவிட்டு வந்தான். திரி இப்போது திரியாக இல்லை. மேலே மேலே பால் படிந்து, விரல் மொத்தத்துக்கு, இல்லை, சைக்கிள் டியூப் மொத்தத்துக்கு ஒரு ரப்பர்க் கொடியாகி மரத்திலிருந்து என் வாய்க்குள் போயிருந்தது.

"போதும் மச்சான், எழுந்திரு."

எழுந்தேன். பாதியில் திரும்ப உட்கார வைக்கப்பட்டேன்.

"என்னா?"

"மரம் விட மாட்டேங்குது" என்று கையால் காட்டினேன்.

பத்துமலை கொடியைச் சுண்டிப் பார்த்தான். பல் வழியாக என் உச்சந்தலை வரைக்கும் சுண்டியது. அவன் உளியை எடுத்து என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். ஒரு நாளைக்கு முந்நூறு மரம் சீவுகிற உளி. நான் இரண்டு கையாலும் வேண்டாம் என்றேன். அப்போதுதான் மண்சாலையில் அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"அடேய், உன் மாமனாரு!" என்று கத்தினான் பத்துமலை.

கழுத்தில் பொம்பளைச் சங்கிலியோடு, பல்லால் மரத்தில் கட்டப்பட்ட மாப்பிள்ளையாக அவர் கண்ணில் படுவதற்கு எனக்கு மனம் இல்லை. ஓடினேன்.

கொடி நீண்டது. நான் முதல் மரத்தைத் தாண்டினேன், நீண்டது. வாய்க்காலைத் தாண்டினேன், நீண்டது. நல்ல ரப்பர், எங்கள் தோட்டத்துச் சரக்குக்கு அப்போதே பேர் உண்டு. நிரை முடிகிற இடத்தில் அது தம்புரா மாதிரி ரீங்காரம் போட்டது என்று பத்துமலை இன்றைக்கும் சொல்வான். எனக்குக் கேட்கவில்லை, நான் சுருதிக்கு வெளியே இருந்தேன். மண்சாலையில் கால் வைத்தபோது பின்னால் ஒரு முனகல் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். மரம் குனிந்துகொண்டிருந்தது. சாமியார் நற்கருணைக்கு முன்னால் குனிகிற மாதிரி, மரியாதையாக, நிதானமாகக் குனிந்தது. பிறகு நிமிர்ந்தது.

அது நிமிர்ந்தபோது என் பல்லும் கூடவே போயிற்று.

பல் போய் மரத்தில் மோதியது. 'டக்' என்று கேட்டது. மலையடிவாரத்தில் ஒரு மரங்கொத்தி அதற்குப் பதில் சொன்னது. பல் அங்கிருந்து தெறித்து வாய்க்காலில் விழுந்து, பேராக் நதியைப் பார்க்கப் போய்விட்டது. நான் சாலையோரத்தில் உட்கார்ந்து துப்பினேன். ரத்தம் வந்தது, அதற்கு முன்னால் வர வேண்டியதும் வந்தது. ஒரு வாரமாகக் கன்னத்தில் குடியிருந்த அத்தனையும் இறங்கிப்போனது. வாயைத் திறந்து பார்த்தேன். திறந்தது. ஆ என்றேன். மலை திருப்பி ஆ என்றது.

மரியஜோசப் வண்டியை நிறுத்தினார். பத்துமலை மூச்சு வாங்க நடந்ததையெல்லாம் சொன்னான். மரம் எவ்வளவு குனிந்தது என்பதைத் தானே குனிந்து காட்டினான். பக்கத்து நிரைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கேட்டார்கள், கொடியைத் தொட்டுப் பார்த்தார்கள், நம்பினார்கள். மரியஜோசப் மரத்தைப் பார்த்தார். மரம் நேராக நின்றது.

"எங்கயாவது விழுந்து பல்லை உடைச்சிருப்பான்" என்றார். ஒரு பஞ்சுச் சுருளை என்னிடம் நீட்டினார். "கடிச்சுக்க. ஏறு. நேரமாச்சு."

ஈப்போ கோயிலில் எல்ஸி எங்களுக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்து காத்திருந்தாள். வயதான சாமியார் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையசைத்தார். எல்ஸி முதலில் ஒப்புவித்தாள், தையல் பிசகாமல். பிறகு நான் பஞ்சைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தேன். ஒரு வாரம் அடைபட்டுக் கிடந்த வாய் அது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நான் தொடங்கிய வேகத்தில் மெழுகுவத்தி இரண்டு அணைந்தன. விசுவாசப் பிரமாணத்தில் ஒரு சொல் தடுக்கவில்லை. ஆமென் சொன்னபோது வெளியே ஐஸ்கட்டிக்காரன் சிலுவை போட்டுக்கொண்டான் என்று கேள்வி.

எல்ஸி சிரித்தாள். போட்டோவில் இருக்கிறவன் ஒழிந்தான் என்று நினைத்தேன். அப்போதுதான் சாமியார் என் சட்டையைப் பார்த்தார். ஆமெனோடு ரத்தமும் கொஞ்சம் வந்திருந்தது.

"என்ன மகனே, ரத்தம்?"

கோயிலுக்குள் நின்று பொய் சொல்லக் கூடாது. சொன்னேன். எலுமிச்சம்பழம், திரி, மரம், குனிந்தது, நிமிர்ந்தது, எல்லாம் சொன்னேன். சாமியார் முகம் ஒவ்வொரு வார்த்தைக்கும் நீண்டுகொண்டே போயிற்று, காலையில் அந்தக் கொடி நீண்ட மாதிரி.

"கழுத்தில் என்ன சங்கிலி?"

"அது... பொன்னுக்கு வீங்கிக்கு, சாமி."

"பொன்னுக்கு வீங்கியா, மரமா? ஒரு வாய்க்கு எத்தனை கதை?" சாமியார் புத்தகத்தை மூடினார். "மந்திரம் நன்றாகச் சொன்னாய். ஆனால் பீடத்துக்கு முன்னால் நின்று கதை கட்டுகிறவனுக்கு நான் ஓலை வாசிக்க முடியாது. ஈஸ்டர் கழிந்து வா."

எல்ஸியின் சிரிப்பு நின்றுபோனது. சாமியார் மரியஜோசப் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் மருத்துவம் தெரிந்தவர். நீங்களே சொல்லுங்கள். இது நடக்குமா?"

"நடக்காது, சாமி" என்றார் மரியஜோசப். "நான் பார்க்காத பல்லு இல்லை. மரம் பல்லைப் பிடுங்காது."

"அப்பா" என்றாள் எல்ஸி. "டார்ச் பையிலதானே இருக்கு?"

"இருக்கு. அதுக்கென்னா?"

"மழை பெய்யுதான்னு பார்க்கவே அதை எடுக்கிறீங்க. இதைப் பார்க்காமலேயே நடக்காதுங்கிறீங்களே?"

மரியஜோசப் மகளைப் பார்த்தார். டார்ச்சை எடுத்தார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தை உள்ளே அடித்தார்.  அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது. பிறகு கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டார். பல் இருந்த குழிக்குப் பக்கத்துப் பல்லில் வெள்ளையாக என்னவோ சுற்றியிருந்தது. அதன் நுனியைப் பிடித்து இழுத்தார்.

அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. உதட்டைத் தாண்டியது, மூக்கைத் தாண்டியது. அவர் ஒரு அடி பின்னால் போனார், அப்போதும் வந்தது. சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மரியஜோசப் இன்னும் ஒரு அடி பின்னால் போய்ப் பீடத்துப் படியில் இடித்துக்கொண்டார். பிடி நழுவியது. கொடி சுருக்கென்று திரும்பி வந்து என் கன்னத்தில் பளாரென்று அறைந்தது. கோயிலெல்லாம் எதிரொலித்தது.

அவர் விரலை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"எலுமிச்சை" என்றார்.

பிறகு டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். சட்டையை நேராக்கிக்கொண்டார்.

"பல்லு வேரோட வந்திருக்கு. ரத்தம் நிக்கிற வரைக்கும் பஞ்சைக் கடிக்கணும். நான் தர்ற மாத்திரையை நாள் தவறாம முழுசாச் சாப்பிடணும். திங்கக்கிழமை நானே இவனைப் பல் டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுவேன், மரத்தை நம்பி விட்டுட முடியாது. அந்தச் சங்கிலியைக் கழற்றி யாருதோ அவங்ககிட்ட கொடுக்கணும்."

சாமியார் புத்தகத்தில் கையை வைத்தபடி காத்திருந்தார்.

மரியஜோசப் என்னைப் பார்க்கவில்லை. கோயிலின் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு ஓலையை வாசிங்க, சாமி. நடந்திருக்கு."